மடியில் இரண்டு ட்வீட்டர்

அண்ணா,

இன்று காலை மூணாறு பஸ்ஸில் வந்த ஒருவர் ஒரு ஸ்பீக்கர் பெட்டியைக் கொண்டுவந்து என் கடை மேசைமேல் வைத்தார். பின்பலகையைக் கழற்றியதும் அந்த வாசனை வந்தது. ஸ்பீக்கருக்குள் இருக்கும் கம்பிச்சுருளின் வார்னிஷ் கருகிய வாசனை. மாதத்துக்கு இரண்டு தடவையாவது என் மூக்கில் ஏறுவதுதான். இன்றைக்கு ஏனோ உங்கள் வீட்டு முன்னறையில் நிற்கிற மாதிரி இருந்தது.

வந்தவருக்கு வேண்டியது ஒரு ஜோடி ட்வீட்டர், பெட்டியின் மேல்பாதியில் இருந்து கூர்மையான ஓசைகளைத் தருகிற அந்தச் சின்ன ஸ்பீக்கர்கள். அதே அளவில் இரண்டு என் இழுப்பறையில் இருக்கின்றன. "ஸ்டாக் இல்லீங்க, கோயமுத்தூர்ல இருந்து வரோணும்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். கொல்லங்கோட்டிலிருந்து மறையூருக்கு வந்து கடை போட்ட இத்தனை வருடத்தில், கையில் இருக்கும் சரக்கை இல்லை என்று சொன்னது இதுதான் முதல் தடவை.

தேயிலை ஃபேக்டரியில் இலை அரைக்கும் மெஷின் பக்கத்திலேயே முப்பது வருடம் நின்றுவிட்டு, ரிட்டயர் ஆகி, எஸ்டேட் லயத்து வரிசை வீட்டைக் காலி செய்து இங்கே வந்தீர்கள். தகர ஷீட் கூரை, சிமெண்டுத் தரை, பத்துக்குப் பன்னிரண்டு அறை. என்னிடம் கொண்டுவந்தது ஒரே ஒரு கேசட். ஒரு கிறிஸ்துமஸுக்கு லயம் லயமாகப் பாடிப் போன பெண்களின் பாட்டை யாரோ டேப் ரிக்கார்டரில் பிடித்தது. எட்டுப் பெண்கள். அதில் ஒருவர் உங்கள் மனைவி. அவரை நான் பார்த்ததே இல்லை.

"அவ குரல் இது ஒண்ணுலதான் இருக்கு தம்பி. மூணாவது அடியில எல்லாரும் கீழ இறங்கையில அவ மட்டும் மேல ஏறுவா. அது எனக்குத் தெளிவாக் கேக்கணும்" என்றீர்கள்.

முதல் தப்பை நான்தான் செய்தேன். பெரிய ஸ்பீக்கருக்கு இருபது வாட்ஸ் ஆம்ப்ளிஃபயரைக் கொடுத்தேன், சின்ன அறைக்கு இது தாராளம் என்று. நீங்கள் வால்யூமைக் கடைசி வரை திருகினீர்கள். ஆம்ப்ளிஃபயர் பெரிதாக இருந்தால்தான் ஸ்பீக்கர் கருகும் என்று ஊரே நினைக்கிறது. உண்மையில் சின்னதைத் திணறத் திணற ஓட்டினால்தான் ட்வீட்டர் முதலில் சாகும். ஒரே வாரத்தில் கருகியது. புது ட்வீட்டரும் நூறு வாட்ஸும் கொண்டுவந்து மாட்டினேன்.

"இப்ப எப்படிங்ணா?"

"பாடுதா. ஆனா கோணிக்குள்ள நின்னு பாடுதா."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. எனக்குத் தெளிவாகத்தான் கேட்டது. ஆனால் எனக்கு அவர் குரலைத் தெரியாதே, உங்களுக்குத்தானே தெரியும்! குற்றத்தை அறைமேல் போட்டேன். நடுவில் நின்று கை தட்டினால் தகரமும் சிமெண்டும் நாலு தடவை திருப்பித் தட்டின. தரையில் ஜமுக்காளம் விரித்தேன். பின்சுவரில் பஞ்சு மெத்தையைத் தொங்கவிட்டேன். பெட்டிகள் இயேசு படத்துக்கு இரண்டு பக்கமும் மூலையை ஒட்டி நின்றன, மூலையில் வைத்தால் பேஸ் என்கிற அடிச்சத்தம் உருண்டுகொண்டு வந்து குரலை மூடும். நகர்த்தலாம் என்றதற்கு, "படத்துக்குத் துணையா இருக்கட்டும்ல" என்று முறைத்தீர்கள். கடைசியில் இயேசுவையும் சேர்த்தே நகர்த்தினோம்.

ஒவ்வொரு ஞாயிறும் கோயில் முடிந்து வந்ததும் நாற்காலியில் உட்காருவீர்கள். நான் பெட்டியை ஒரு சாண் தள்ளுவேன், உங்கள் காது உயரத்துக்குச் செங்கல் வைப்பேன். கேசட் ஓடும். மூன்றாவது அடி வரும்போது உங்கள் முகத்தைப் பார்ப்பேன். நீங்கள் தலையை ஆட்டுவீர்கள், இல்லை என்று. "இன்னும் கொஞ்சம் கூட்டு தம்பி." இன்னொரு ஜோடி ட்வீட்டரும் மாற்றினேன். கழற்றியதைக் கடையில் சோதித்தால் அது மணி மாதிரி இருந்தது. அப்போதாவது என் மண்டையில் உறைத்திருக்க வேண்டும்.

உங்கள் மகள்தான் ஒரு நாள் வாசலில் வைத்துச் சொன்னாள். "குக்கர் விசில் அப்பாவுக்குக் கேக்கது இல்ல மாமா. உடுமலையில காது டாக்டர்ட்ட காட்டியாச்சு. கூரான மேல் சத்தம் எல்லாம் காதுல விழாமப் போயிட்டுன்னாரு. காதுல வைக்க மிஷின் வாங்கிக் குடுத்தோம். ஒரே கீச்சுகீச்சுன்னு கத்துதுன்னு டப்பாவுல போட்டுட்டாரு. உங்ககிட்டச் சொல்லக் கூடாதாம். தெரிஞ்சா தம்பி கைய விட்டுருவான்னாரு."

சைக்கிளைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன். என் ஆம்ப்ளிஃபயருக்கு எத்தனை வாட்ஸ் கூட்டினாலும் ஃபேக்டரி எடுத்துக்கொண்டதைத் திருப்பித் தர முடியாது. அதை உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. குற்றம் பெட்டியில் இருக்கிற வரைக்கும் அடுத்த ஞாயிறு என்று ஒன்று உங்களுக்கு இருந்தது. அதனால் தெரியாதவன் மாதிரியே உள்ளே வந்து செங்கல்லை நகர்த்தினேன். நீங்களும் கேட்கிற ஆள் மாதிரியே உட்கார்ந்திருந்தீர்கள். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வந்திருக்கும்.

கடைசி ஞாயிறு செய்வதற்கு வேறு வேலை எதுவும் மிச்சமில்லை. ட்வீட்டரைத் துடைக்கிறேன் என்று இரண்டையும் கழற்றித் தரையில் உட்கார்ந்தேன். கேசட் ஓடிக்கொண்டுதான் இருந்தது. பெரிய ஸ்பீக்கர் மட்டும் மந்தமாக உறுமியது. மூன்றாவது அடி வந்தது. நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு கையைத் தூக்கினீர்கள்.

"ஏலே தம்பி, வந்துட்டா. தெளிவா நிக்கா. போதும், இனி எதையும் தொடாதே."

இரண்டு ட்வீட்டரும் என் மடியில் இருந்தன.

அதற்கு நாலாம் நாள் நெஞ்சு வலி வந்து போய்விட்டீர்கள். உண்மையாகவே உங்களுக்கு உள்ளே கேட்டதா, இல்லை, முட்டி தேயத் தரையில் தவழ்கிறானே என்று என்மேல் இரக்கப்பட்டுச் சொன்னீர்களா? கேட்டுத் தெரிந்துகொள்ள இனி ஆள் இல்லை. செட்டையும் கேசட்டையும் உங்கள் மகள் என்னிடமே கொடுத்துவிட்டாள். தொடாதே என்று சொன்னதைத் தொடவில்லை. மடியில் இருந்த ட்வீட்டர் இரண்டும் கடை இழுப்பறையில் கிடக்க, அவை இருந்த இடத்தில் இரண்டு ஓட்டைகளோடு அது என் வீட்டு முன்னறையில் நிற்கிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் போடுகிறேன். எட்டுப் பேரும் கோணிக்குள் நின்று பாடுகிறார்கள். உங்களுக்குக் கேட்டது இதுதான். மூன்றாவது அடி வரும்போது கண்ணை மூடிக்கொண்டு, "தெளிவா இருக்குதுங்ணா" என்று ஒரு தடவையாவது சொல்லிவிடப் பார்க்கிறேன். உங்களுக்கு வந்தது எனக்கு வர மாட்டேன் என்கிறது.