கம்பியில் வந்த பிறை

1933 ஒக்டோபர் 9

டெலிபோன் வந்துவிட்டது. கீழே புடவைக் கடையில் வைத்தால் நாலு பேருக்குப் பிரயோசனம். ஆனால் என் வீட்டுக்காரர் மஹ்மூத் முதலாளிக்கு அது கடைச் சாமான் இல்லையாம், கௌரவமாம். ஆகவே மாடியில், வீட்டுக்குள்ளே, என் தையல் மேசையைப் பிடுங்கி, அதன் மேல் என் லேஸ் துணியை விரித்து, அதில் உட்கார வைத்திருக்கிறார். வரப்போகும் மருமகனுக்குக்கூட இவ்வளவு உபசாரம் கிடைக்குமா தெரியவில்லை.

கண்டியில் எங்கள் தெருவுக்கே இதுதான் முதல் டெலிபோன். அதில் ஒரு சிக்கல். தெருவில் வேறு யாரிடமும் இல்லாததால் பேசுவதற்கு ஆள் இல்லை.

1933 ஒக்டோபர் 12

இன்று பகல் திடீரென்று அலறியது. கையிலிருந்த அரிசிச் சுளகைப் போட்டுவிட்டு ஓடினேன்.

"யாரு?"

"நான்தான்."

"எங்க ஈக்கிறீங்க?"

"சந்தி மருந்துக்கடையில."

"என்ன விஷயம்?"

"ஒண்டுமில்ல. அடிக்குதா எண்டு பாத்தன்."

மழையில் சந்திவரை நடந்துபோய், தன் வீட்டை ஒருமுறை கூப்பிட்டுவிட்டு, தொப்பலாக நனைந்து திரும்பி வந்தார். முகத்தில் அப்படி ஒரு திருப்தி. சிதறிய அரிசியைப் பொறுக்கியது நான்.

1933 ஒக்டோபர் 20

புதுச் சட்டம். பெண்களின் குரல் அந்நியர் காதில் விழக்கூடாதாம். நானோ மகள் றமீலாவோ டெலிபோனை எடுக்கலாம், பேசக்கூடாது. எடுத்து மேசையில் வைத்துவிட்டு அவரைக் கூப்பிட வேண்டும்.

1933 ஒக்டோபர் 27

சட்டம் ஒரு வாரத்துக்கு மேல் உயிரோடு இருக்கவில்லை. கொழும்பு மொத்த வியாபாரி கூப்பிட்டிருக்கிறார். இங்கே மூச்சுச் சத்தம் மட்டும். பயந்துபோய் வைத்துவிட்டாராம். துணி வேறு கடைக்குப் போய்விட்டது. "இனி யாரு எண்டு கேளுங்க, பரவாயில்ல" என்கிறார். வியாபாரம் படுத்தால் மார்க்கமும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும் போலிருக்கிறது.

1933 நவம்பர் 4

பத்திரிகை வாசித்தேன். சீமையில் ஒருவன் இரும்பு மனிதனைச் செய்திருக்கிறானாம். எழும்பு என்றால் எழும்பும், இரு என்றால் இருக்கும், எதிர்த்துப் பேசாது, புதுப் புடவை கேட்காது. ஆண்கள் ஆசைப்பட்ட பெண்சாதியை ஒருவழியாக இரும்பில் செய்து முடித்துவிட்டார்கள். சந்தோஷம். அது சோறாக்குமா என்று மட்டும் எழுதவில்லை.

அதே பக்கத்தில் இன்னொன்று. கூடிய சீக்கிரம் படங்கள் காற்றில் மிதந்து வீட்டுக்குள்ளேயே வருமாம். எங்கள் வீட்டுக்குள் காற்றில் வருவது பின்பக்க மீன்கடை நாற்றம். அதை நிறுத்தும் மெஷின் யாராவது செய்தால் முதல் ஆளாக நானே வாங்குவேன்.

1933 நவம்பர் 19

றமீலாவுக்குக் கல்யாணம் பேசி முடித்தாயிற்று. மாப்பிள்ளை கெலிஓயா முஹைதீன் ஹாஜியாரின் மகன் பாயிஸ். மிளகு, பாக்கு வியாபாரம். நல்ல பிள்ளை, அமைதியான பிள்ளை என்கிறார்கள். நோன்பு முடிந்து ஷவ்வால் பிறை ஐந்தில், அதாவது பெருநாளிலிருந்து ஐந்தாம் நாள், நிகாஹ். அல்ஹம்துலில்லாஹ்.  மாலையில் றமீலா பாத்திரம் கழுவும்போது பாட்டு முணுமுணுத்தாள். கேட்காத மாதிரி இருந்தேன். எனக்கும் மனசு நிறைந்திருக்கிறது.

1933 டிசம்பர் 8

பக்கத்து வீட்டு முத்துலிங்கம் மாஸ்டரின் மனைவி சுந்தரி, பேசும் படம் பார்த்துவிட்டு வந்து என்னிடம் முழுக் கதையும் சொன்னாள். யாழ்ப்பாணத்துக்காரி, ஒன்றையும் விடமாட்டாள்.

"பாம்பு கடிச்சுப் போட்டுது ஹபீலா. அவள் விழுந்து கிடந்துகொண்டு பாடுறாள்."

"வைத்தியரக் கூப்பிடல்லையா?"

"அவர் வந்தார். அவரும் பாடினவர்."

விஷம் ஏற ஏறச் சுருதியும் ஏறுகிறதாம். கடைசியில் செத்த பிறகுதான் பாட்டு நின்றதாம், அதுவும் உடனே இல்லை. ஊமைப் படத்தில் ஆட்கள் சீக்கிரம் செத்தார்கள். பேச வைத்த பிறகு சாவதற்கு நேரமே இல்லை. சுந்தரி சொல்லிச் சொல்லி அழுதாள். நான் சிரிப்பை அடக்க முந்தானையைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

1934 ஜனவரி 16

இன்று இருபத்தொன்பதாவது நோன்பு. பிறை கண்டால் நாளை பெருநாள், காணாவிட்டால் முப்பதாவது நோன்பு. மாலையில் கண்டி முழுக்க மூட்டம். மொட்டை மாடியில் ஆண்கள் கழுத்து வலிக்க நின்றார்கள். பிறையைக் காணவில்லை, மலையையே காணவில்லை.

அப்போது டெலிபோன் அடித்தது. கொழும்பிலிருந்து அவருக்குத் தெரிந்த முதலாளி. அங்கே பிறை கண்டாயிற்றாம். இவர் தொப்பியைச் சரி செய்துகொண்டு, எழுந்து நின்று, கம்பி இல்லாமலே கொழும்புக்குக் கேட்கும் சத்தத்தில் ஸலாம் சொன்னார். பிறகு பள்ளிவாசலுக்கு ஓடினார். எங்கள் தெருப் பள்ளிவாசலில் ஏற்றுக்கொண்டு பெருநாள் தக்பீர் முழங்கிவிட்டார்கள். பிறையை இவரே ஏணி வைத்து இறக்கிக் கொண்டுவந்தது போல ஒரு நடை.

சம்பந்தி வீட்டுக்கும் சொல்லவேண்டும் என்று கடைப் பையனை சைக்கிளில் கெலிஓயாவுக்கு அனுப்பினார். அவன் கொண்டுவந்த பதில்: "கம்பிக்குள்ளால வாற குரலுக்கு மொகம் ஈக்குதா? சாட்சி செல்றவன்ட மொகத்தப் பாக்கோணும். நாங்க முப்பது நோன்பும் புடிப்போம் எண்டு ஹாஜியார் செல்லச் சொன்னாரு."

இவர் முகம் கறுத்துப்போயிற்று. அவர்கள் நம்பாதது பிறையை, இவருக்கு வலித்தது டெலிபோனுக்காக.

1934 ஜனவரி 17

எங்களுக்குப் பெருநாள். ஏழெட்டு மைலுக்கு அப்பால் சம்பந்தி வீட்டில் நோன்பு. காலையிலேயே ஒரு பெரிய தட்டில் வட்டிலப்பம் கெலிஓயாவுக்கு அனுப்பினார். "அவங்க நோன்பு, பின்னேரம் அனுப்புவோம்" என்றேன். "பெருநாளைக்குக் காலையிலதான் அனுப்புற" என்றார். நோன்பாளியின் மூக்குக்கு நேரே ஏலக்காய் மணக்க வட்டிலப்பம். இதற்குப் பெயர் சம்பந்தி மரியாதை.

1934 ஜனவரி 18

இன்று அவர்களுக்குப் பெருநாள். அங்கிருந்து இரண்டு தட்டு வந்தது. "பெருநாள் இண்டைக்கு" என்று சொல்லித் தரச் சொன்னார்களாம்.

தட்டைக் கையில் வாங்கிய பிறகுதான் விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். நிகாஹ் பிறை ஐந்து. யாருடைய பிறை ஐந்து? எங்கள் கணக்கில் ஞாயிற்றுக்கிழமை. அவர்கள் கணக்கில் திங்கள்.

அவரிடம் கேட்டேன். "பிறை அஞ்செண்டா பிறை அஞ்சுதான்" என்றார்.

"ஒருக்கா ஆள் அனுப்பிக் கேளுங்களே."

"கேட்டா என்ட பிறைய நானே சந்தேகப்பட்ட மாதிரி. அவர் கேக்கட்டும்."

1934 ஜனவரி 19

மாப்பிள்ளையின் தாய் ஆஸியா உம்மாவுக்கு, சேலை விற்கும் பெண்ணிடம் இரகசியமாகச் சொல்லி அனுப்பினேன். பதிலும் வந்தது. "எங்கட மனிசரும் இதத்தான் செல்றாரு. அவங்க வந்து கேக்கட்டுமாம்."

ஆக, இரண்டு வீட்டுப் பெண்களுக்கும் தெரியும். இரண்டு வீட்டு ஆண்களுக்கும் தெரியும். விஷயம் தெரியாதவை கல்யாண விருந்துக்குக் கட்டிப்போட்டிருக்கும் ஆடுகள் மட்டும்தான்.

1934 ஜனவரி 20

யாரும் கேட்கவில்லை. றமீலாவுக்கு மருதோன்றி போட்டோம். "உம்மா, நாளைக்கு வருவாங்களா?" என்றாள். மற்றக் கையை நீட்டச் சொன்னேன்.

1934 ஜனவரி 21

வரவில்லை.

ஆடுகள் புரியாணியாகி, ஊரெல்லாம் வந்து, பெரிய சவன் தட்டுகளைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். மாப்பிள்ளை இல்லாமலும் புரியாணி நன்றாகத்தான் இறங்குகிறது. இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டவர்கள்தான் அதிகமாக உச்சுக்கொட்டினார்கள். இவர் நடுநடுவே டெலிபோனை எடுத்துக் காதில் வைத்து, வேலை செய்கிறதா என்று பார்த்தார். கெலிஓயா வீட்டில் டெலிபோனே இல்லை. என்னதான் கேட்டாரோ.

என் பிள்ளை பின்னேரம் அஸர் தொழுகைவரை கல்யாணப் புடவையோடு உட்கார்ந்திருந்தாள். பிறகு தானே எழும்பி, தானே நகையைக் கழற்றி வைத்தாள்.

1934 ஜனவரி 22

 எழுதாமல் இருக்க முடியவில்லை.

பத்து மணிக்கு வந்தார்கள். இரண்டு கார், ஒரு பஸ், மாலையோடு மாப்பிள்ளை. எதுவுமே நடக்காத மாதிரி முஹைதீன் ஹாஜியார் சிரித்துக்கொண்டு இறங்கினார். இவர் முதலில் கதவையே திறக்க விடவில்லை. பள்ளிவாசல் லெப்பைதான் கெஞ்சி, குமர்ப் பிள்ளையின் காரியம் என்று சொல்லி, உட்கார வைத்தார். நேற்றைய மிச்சத்தைச் சூடாக்கினேன். றமீலாவுக்கு மறுபடியும் புடவை உடுத்தினேன். சரி, முடிந்துவிடும், எல்லாம் முடிந்துவிடும் என்று நினைத்தேன்.

லெப்பை கல்யாணக் கடுத்தம் எழுதப் பெரிய புத்தகத்தைத் திறந்தார். பேரெல்லாம் எழுதினார். பிறகு கேட்டார், "பிறை எத்தன?"

"அஞ்சு" என்றார் ஹாஜியார்.

"ஆறு" என்றார் இவர்.

"அஞ்சு எண்டு எழுதினா எங்கட பெருநாள் பொய்யா?"

"ஆறு எண்டு எழுதினா நாங்க பெருநாளண்டு நோன்பு புடிச்சமா? அது ஹராம் தெரியுமா?"

லெப்பையின் பேனா அந்தரத்தில் நின்றது. மை சொட்டியது. திரைக்குப் பின்னாலிருந்து நான் சத்தமாகவே சொன்னேன், அத்தனை அந்நிய ஆண்களுக்கும் கேட்கட்டும் என்று: "இங்கிலீஷ் தேதியப் போடுங்க. ஜனவரி இருவத்திரெண்டு. அதில யாருக்கும் சண்டையில்லத்தானே."

அப்போதுதான் இருவரும் முதல்முறையாக ஒன்றாகப் பேசினார்கள். "நிகாஹ் புத்தகத்தில வெள்ளக்காரன்ட தேதியா?" இரண்டு பேருக்கும் ஒரே கோபம், ஒரே வார்த்தை. ஒரு நிமிஷம் சமாதானமாகிவிட்டார்கள் என்றே நினைத்தேன். அடுத்த நிமிஷம் ஹாஜியார் எழும்பி, "வாங்க மகன், போவோம்" என்றார்.

பாயிஸ் போய்விட்டான். நல்ல பிள்ளை, அமைதியான பிள்ளை. அந்த அமைதியை நானும் கண்ணால் பார்த்தேன். வாய் இருக்கு, நாக்கு இருக்கு, ஒரு வார்த்தை சொல்லல்லையே அவன். இந்த மனிசனும் சொல்லல்லையே. ஒரு எண்ணுக்காக, ஒரே ஒரு எண்ணுக்காக என்ட புள்ளைய இப்படி இருத்திப் போட்டாங்களே. நான் எல்லாத்தையும் சிரிச்சிச் சிரிச்சி எழுதிக்கொண்டு இருந்தனே, எனக்கு என்ன புத்தி.

1934 ஜனவரி 23

றமீலா சாப்பிடவில்லை. நானும்.

1934 மார்ச் 2

சமாதானத்துக்குப் போன மூன்றாவது ஆளும் திரும்பி வந்தார். "அவங்க வந்து கேக்கட்டும்" என்று இங்கே. அதையே அங்கேயும். இந்த வசனத்தை ரெக்கோர்டில் பதித்து சுந்தரி வீட்டு கிராமபோனில் போட்டுவிட்டால் இரண்டு பேருக்கும் தொண்டையாவது மிஞ்சும்.

1934 ஆகஸ்ட் 14

கெலிஓயா ஹாஜியார் டெலிபோன் வாங்கியிருக்கிறாராம். மிளகு விலை கொழும்பிலிருந்து உடனுக்குடன் தெரிய வேண்டுமாம். விலை சொல்லும் குரலுக்கு முகம் வேண்டியதில்லை போலும்.

1934 செப்டம்பர் 5

நேற்று ஹாஜியார் கூப்பிட்டார். இவரும் பேசினார். பாக்கு, மழை, முழங்கால் வலி எல்லாம் பேசினார்கள். நேரில் என்றால் வெட்கமாக இருந்திருக்கும். கம்பியில் வெட்கம் ஏறாது. வைத்துவிட்டு, "மனிசன் கெட்ட மனிசன் இல்ல" என்று என்னிடம் சொன்னார். றமீலா அடுத்த அறையில் இருந்தாள். றமீலாவைப் பற்றி இருவரும் ஒரு சொல்லும் பேசவில்லை. நான் ஒட்டுக்கேட்டேன், ஆகவே தெரியும்.

1935 ஜனவரி 6

மாலையில் கெலிஓயாவிலிருந்து டெலிபோன்: "கொழும்பில பிறை கண்டாச்சா?" கண்டாயிற்று என்றார் இவர். அங்கேயும் தக்பீர். நாளை இரண்டு ஊருக்கும் ஒரே பெருநாள். "பாத்தியா, விஞ்ஞானம்" என்றார் என்னிடம். நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். துருவலியில் என் கை பட்டு இரத்தம் வந்தது. நல்ல வேளை, இல்லாவிட்டால் ஏதாவது சொல்லியிருப்பேன்.

1935 ஜனவரி 27

காலையில் டெலிபோன் அடித்தது. றமீலாதான் எடுத்தாள். "ஓம்... ஓம்... விளங்குது... செல்றன்" என்றாள். வைத்துவிட்டு வந்து, தேநீர் குடித்துக்கொண்டிருந்த வாப்பாவின் முன்னால் நின்றாள்.

"கெலிஓயா ஹாஜியார் பேசினாரு வாப்பா. அவர்ட மகனுக்கு அக்குறணையில கலியாணமாம். எங்க எல்லாரையும் வரட்டாம். பெப்ரவரி பத்து, ஞாயித்துக்கிழம. பிறைக் கணக்கு செல்லல்ல. குழப்பம் வராம ஈக்கோணுமெண்டு இந்த முற இங்கிலீஷ் தேதிதான் வெச்சாங்களாம்."

"நல்ல யோசன" என்றார் இவர். பழக்கத்தில் வாயில் வந்துவிட்டது. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது.

"ஓம் வாப்பா, நல்ல யோசன" என்றாள் றமீலா. "உம்மா செல்லக்குள்ளயும் நல்ல யோசனதான்."

குரல் உயரவில்லை. உள்ளே போய் அடுப்பில் இருந்ததைக் கிண்டினாள். இவர் தேநீரைக் கையில் வைத்துக்கொண்டே வெகுநேரம் இருந்தார். அது ஆறிப்போயிற்று. நான் சூடாக்கிக் கொடுக்கவில்லை.