கண்ணாடிக் கதவு போட்ட பொரிக்கடை

தம்பி,

உன் கடை இருந்த இடத்தில் இப்போது நாய்களைக் குளிப்பாட்டி முடி வெட்டிவிடுகிறார்கள். சொன்னால் நம்பமாட்டாய். அந்த ஷாம்பு வாசனை சுவரைத் தாண்டி என் தையல் மெஷின் வரைக்கும் வருகிறது. இன்று காலை ஒரு ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தபோது அது மூக்கில் ஏறியதும் உன் ஞாபகம் வந்துவிட்டது. அதே சுவரைத் தாண்டித்தான் உன் கடுகெண்ணெய் நெடியும் வரும். தைத்து மாட்டிய பட்டு ஜாக்கெட்டெல்லாம் நாறுகிறது என்று உன்னிடம் எத்தனையோ முறை கத்தியிருக்கிறேன். நீ அசரவே மாட்டாய்.

"இன்னாக்கா, எங்க ஊட்டு வாசன உனுக்கு நாத்தமா கீதா?" என்பாய்.

ஒடிசாக்காரன் வாயில் இந்தத் தமிழ்! இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் வார்ப்படப் பட்டறையில் கூட வேலை பார்த்தவர்களிடம் கற்றது. முதுகு ஒத்துழைக்கவில்லை என்று அந்த வேலையை விட்டுவிட்டு, மேனாம்பேட்டில் என் கடையை ஒட்டிக் கடை போட்டாய். பொரி, கடுகெண்ணெய், சத்து மாவு, போன் ரீசார்ஜ் என்று உன் ஊர் ஆட்களுக்கு வேண்டியதெல்லாம் அங்கே இருந்தது. கம்பெனியில் பிரேக் விட்டதும் கிரீஸ் கறை யூனிபாரமும் கனத்த சேஃப்டி ஷூவுமாக வந்து மொய்ப்பார்கள். நீ பொரியில் எண்ணெய் விட்டு, வெங்காயமும் பச்சை மிளகாயும் போட்டுக் குலுக்கி, பேப்பரில் சுருட்டி நீட்டுவாய். என் அப்பா இதே மேனாம்பேட்டில் அடுத்தவர் வயலில் கூலிக்கு நடவு செய்தவர். வயல் போய் கம்பெனி வந்தது, கம்பெனிக்கு நீ வந்தாய். நீ வெளியூர்க்காரன் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

அப்புறம்தான் எதிரே இருந்த லைன் வீடுகளை இடித்து ஃப்ளாட் கட்டினார்கள். அங்கே குடியிருந்த உன் ஆட்களில் பாதிப்பேர் ஆவடிக்கு அந்தப் பக்கம், முத்தாபுதுப்பேட்டைக்குப் போனார்கள். மீதிப்பேர் பின்தெருக்களில் நெருக்கியடித்துக்கொண்டார்கள். ஃப்ளாட்டுக்குக் கோயம்புத்தூர், திருநெல்வேலி என்று எங்கிருந்தெல்லாமோ ஐ.டி. ஆட்கள் வந்தார்கள். உன்னைப் பார்த்ததும், "பையா, தூத் ஹை?" என்பார்கள். நீ, "பாலு கீது சார். ஏரியாவுக்குப் புச்சா?" என்பாய். ஒருவர் என்னிடம் வந்து, "அவர் எந்த ஊருங்க? அவர் பேசுற தமிழ் ஒண்ணுமே புரிய மாட்டேங்குது" என்று கேட்டார். நான் சிரித்த சிரிப்பில் அவர் கொடுக்க வந்த துணியையே திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கடை ஓனருக்கும் ஃப்ளாட்டைப் பார்த்து ஆசை வந்தது. "தெருவே மாறிப்போச்சுப்பா. கடைய நீட்டா பண்ணு. இல்லாங்காட்டி சொல்லு, வேற ஆளுக்கு உட்டுர்றேன்" என்றார். உன் மகள் அப்போது இங்கே பள்ளிக்கூடத்தில் நன்றாகப் படித்துக்கொண்டிருந்தாள். கடை போனால் வீடு மாறும், வீடு மாறினால் அவள் படிப்பு கெடும் என்பதுதான் உன் பயம். அந்தப் பயத்தில் கைக்காசையெல்லாம் போட்டு வெள்ளை டைல்ஸ், கண்ணாடிக் கதவு, ஏ.சி. என்று மாற்றினாய். நானும் நல்ல யோசனை என்றுதான் நினைத்தேன்.

திறந்த அன்றே பிரேக் நேரத்தில் உன் ஆட்கள் வந்தார்கள். வந்தவர்கள் கதவுக்கு வெளியிலேயே குனிந்து ஷூ கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார்கள். பளபளவென்று தரை, சில்லென்று காற்று. டாக்டர் கிளினிக் என்று நினைத்தார்களோ என்னவோ. ஷூவைக் கழற்றி மாட்டுவதற்குள் பிரேக் தீர்ந்துபோனது, பொரி தின்ன நேரமில்லை. ‘ஷூவைக் கழற்ற வேண்டாம்’ என்று தமிழிலும் ஒடியாவிலும் எழுதி ஒட்டினாய். நின்று நிதானமாகப் படித்தார்கள், படித்துவிட்டுக் கழற்றினார்கள். சில நாளில் முனையில் ஒரு தள்ளுவண்டிக்காரரிடம் போக ஆரம்பித்தார்கள். ஃப்ளாட்டுக்காரர்கள் செருப்போடுதான் வந்தார்கள். "சூப்பரா பண்ணிருக்கீங்க" என்று மெச்சிவிட்டு, ஆளுக்கொரு சாக்லேட் வாங்கிக்கொண்டு போனார்கள். மற்றதெல்லாம் போனில் தட்டினால் அவர்கள் வாசலுக்கே வந்துவிடுகிறதே.

கடைசியில் கதவு மூடாமலிருக்க ஒரு எண்ணெய் டின்னை முட்டுக் கொடுத்தாய்.

"ரோட்டுக்கா ஏ.சி. போட்டுகினு கீற?" என்று கிண்டல் பண்ணினேன்.

நீ சிரிக்கவில்லை. "என் கடைக்குள்ள வர எனுக்கே கூச்சமா கீதுக்கா" என்றாய்.

வாடகையை ஏற்றியதும் நீ காலி செய்தாய். உன் ஆட்கள் போன முத்தாபுதுப்பேட்டையிலேயே தகரம் போட்டு, சிமெண்ட் தரையோடு ஒரு கடை பிடித்தாய். வியாபாரம் பரவாயில்லை என்று போனில் சொன்னாய். மகள் மட்டும் பள்ளியை விடமாட்டேன் என்று தினமும் ரயில் ஏறி இங்கேயே வந்து படித்தாள். பரீட்சை முடிந்து ரிசல்ட் வருவதற்கு முன்னால் உனக்கு நெஞ்சுவலி வந்தது. உன் மனைவி போன் பண்ணியபோது அழுகையைத் தவிர ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் நீ போய்விட்டாய் என்று புரிந்துவிட்டது. கடையை அப்படியே சாத்திவிட்டு ஓடினேன். உன் பக்கத்தில் உட்கார்ந்து என் கூடப் பிறந்தவனுக்கு அழுவதுபோல் அழுதேன். உன் மகள் நல்ல மார்க் வாங்கிவிட்டாள். கல்லூரியிலும் சேர்ந்துவிட்டாள்.

போன மாதம் ஓனர் என்னிடமும் வந்து நின்றார். ஃப்ளாட் பெண்கள்தான் இப்போது எனக்கும் பாதி வியாபாரம், வீம்பு பிடித்து லாபமில்லை. கண்ணாடிக் கதவு போட ஒத்துக்கொண்டேன். "தரைக்கும் டைல்ஸ் போட்டுர்லாம், என் செலவு" என்றார். "தரைல மட்டும் கை வெக்காத. வெச்சினா இன்னிக்கே காலி பண்ணிர்றேன்" என்று சொல்லிவிட்டேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை, தலையைச் சொறிந்துகொண்டே போனார்.

வெடிப்பு விட்ட பழைய சிமெண்ட் தரை அப்படியேதான் இருக்கிறது. ஷிப்ட் முடிந்து உன் ஊர்ப் பெண்கள் துணியைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். கதவைத் தள்ளிக்கொண்டு, சேற்றுச் செருப்போடு, நேராக என் மெஷின் வரைக்கும் வந்துவிடுகிறார்கள். எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது தெரியுமா? இதைச் சொன்னால் புரிந்துகொள்ளக்கூடிய ஒரே ஆள் நீதான், தம்பி.