ப்ரோலினுக்கு அடுத்தது

நாள் 41, 09:00. நிலவு மருந்தாய்வகம், மூன்றாம் அறை
எழுதுவது எஸ்தர், மருந்து வேதியியலாளர். அழுத்தம் சரி. வெப்பம் 22. பாளையங்கோட்டைக் கல்லூரி மாணவிகளுக்கு வாராந்திர ரேடியோ வகுப்பு. பாடம்: பெப்டைடு. அமினோ அமிலங்களை மணி கோப்பதுபோல் ஒவ்வொன்றாகச் சேர்ப்பது. முப்பிடாதி என்ற பெண் மட்டும் இருபது கேள்வி கேட்டாள்.

நாள் 43, 14:20
காற்று வடிகட்டியில் பூஞ்சை. கதவு தானாக மூடிக்கொண்டது. நான் உள்ளே, கூட வேலை செய்யும் மூவரும் வெளியே. என் சளியிலும் அதே பூஞ்சை. பூமிக்குப் போகும் கப்பல் நாள் 47 மாலை கிளம்புகிறது. அடுத்தது ஏழு மாதம் கழித்து. என் மகள் ஷைனிக்கு இப்போது ஒன்றரை வயது.
கப்பல் மருத்துவர் ரஹ்மத்: "சளிய வளத்துப் பாக்க ஆறு நாள் ஆகும்மா, நேரமில்ல. மருந்த ஒழுங்கா செஞ்சு போட்டுக்கிட்டேன்னு எழுதிக் குடுங்க. கதவத் தெறக்கிறேன்."
மருந்து பன்னிரண்டு அமிலம் கொண்ட பெப்டைடு. என் ஒன்பது வருட வேலை. இயந்திரம் வெளியே மாட்டிக்கொண்டது. கையால்தான் கோக்க வேண்டும்.

நாள் 45, 11:05
ஆறு அமிலம் முடிந்தது. ஒவ்வொன்றுக்குப் பிறகும், சங்கிலி வளர்கிற பிசின் மணிகளில் நாலைந்தை எடுத்து, நின்ஹைட்ரின் என்ற சோதனைத் திரவம் விட்டுச் சூடாக்குகிறேன். நீலம் வந்தால் சேராத முனைகள் மிச்சம். மஞ்சள் என்றால் அடுத்ததற்குப் போகலாம். சோதனைக் குழாய்ப் படங்களை வகுப்புக்கும் அனுப்புகிறேன். பேசாமல் இருந்தால் என் இருமல்தான் கேட்கிறது.

நாள் 46, 08:50
ஏழாவது ப்ரோலின். அதன்மேல் எட்டாவது, முதல் தடவையிலேயே மஞ்சள். அப்பாடா.

நாள் 47, 10:15
பன்னிரண்டும் முடிந்தது. ஊசி போட்டுக்கொண்டேன். ரஹ்மத்தின் படிவம் திரையில்.
என் கணவர் ஜெபராஜ்: "ஏட்டி, பிள்ளைக்குப் புதுக் கவுன் எடுத்தாச்சு. ஒன்னயப் பாத்து அழுதா மனசு விட்ராத. என்னயப் பாத்தே அழுதா அவ."

10:40
முப்பிடாதி, வகுப்பு அலைவரிசையில்: "மேம், ப்ரோலின் முனைக்கு நீலமே வராதுன்னு புஸ்தகத்துல போட்டிருக்கே. அப்ப எட்டாவது சேந்துச்சுன்னு மஞ்சள வச்சு எப்படிச் சொன்னீங்க? தப்பாக் கேட்டுட்டேனா மேம்?"
வராது. சேர்ந்தாலும் மஞ்சள், சேராவிட்டாலும் மஞ்சள். வேறு சோதனை செய்திருக்க வேண்டும். தேர்வுத்தாளில் நானே கேட்கிற கேள்வி இது. எனக்கு மஞ்சள் வேண்டியிருந்தது, வந்தது, நம்பினேன்.
உடம்பில் ஏறியது மருந்தா, எட்டாவது விட்டுப்போன வெறும் சங்கிலியா, தெரியாது. மூலக்கூறின் எடை பார்த்துச் சொல்லும் கருவியும் வெளியே. ரஹ்மத் இந்த அலைவரிசையைக் கேட்பதில்லை.

11:30
படிவத்தில் ஒரு கையெழுத்துதான். போட்டால் வீடு. இந்தப் பூஞ்சை பெரியவர்களைத் தின்ன இரண்டு மூன்று வாரம் ஆகும். குழந்தை நுரையீரலுக்கு எத்தனை நாள் என்று கணக்குப் போட்டேன். அழித்தேன். ஷைனி என் கன்னத்தில் மூக்கை அழுத்திக்கொண்டுதான் தூங்குவாள்.

12:05
வகுப்புக்குச் சொன்னேன்: "தப்பாக் கேக்கலம்மா. தப்பு என்னோடது." ரஹ்மத்துக்கும் அதையே எழுதினேன். கதவுக்கு இரண்டாவது பூட்டு விழுந்தது.

18:10
தரை அதிர்ந்தது. கப்பல் போய்விட்டது, மூவரோடும்.
ஜெபராஜ்: "அந்தக் காலேஜ் பிள்ள கேட்டா கேட்டுட்டுப் போறா, நீ பேசாம இருந்திருக்கலாம்லா எஸ்தர்? யாருக்குட்டி தெரியப் போகுது?"
சளியை ஒரு தட்டில் தடவி வளர வைத்தேன்.

நாள் 53, 07:00
ஆறு நாள் ஆயிற்று. தட்டு முழுக்கப் பச்சைப் பூஞ்சை. போட்டுக்கொண்டது மருந்தே இல்லை.
இன்னொரு முறை கோக்க ப்ரோலின் போதாது. பார்த்துவிட்டேன். மறுபடியும் பார்த்தேன்.

நாள் 60, நேரம் தெரியவில்லை
இதைப் படிக்கிறீர்கள் என்றால் கதவைத் திறந்துவிட்டீர்கள். முகமூடியைக் கழற்றாதீர்கள். வீட்டில் குழந்தை இருந்தால்