டிரெய்லரின் மூக்கில் ஏற்றிய பாரம்

நவம்பர் 4, செவ்வாய்

வெல்டிங் கடைக்காரர்கள் இரும்புத் தட்டைக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார்கள். நாங்கள் குடியிருக்கிற டிரெய்லரின் மூக்கில், பிக்கப் வண்டியோடு மாட்டுகிற முக்கோணச் சட்டத்தின் மேல், குறுக்காக உட்கார வேண்டிய தட்டு. எல்லாம் அதன் மேல்தான் வரப்போகிறது - இரண்டு பெரிய கேஸ் சிலிண்டர், இரண்டு பேட்டரி, ஒரு ஜெனரேட்டர். ஒரு முனையை மட்டும் தூக்கிப் பார்த்தேன். கனம்.

இத்தனையும் என்னவர் டெல்மரின் மூச்சுக்காக. இனி இரவெல்லாம் ஆக்ஸிஜன் மெஷின் ஓட வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இந்த டிரெய்லர் பார்க்கில் ஆளுக்கொரு கம்பம், கம்பத்தில் பிளக், கவலையில்லை. ஆனால் டெல்மருக்கு வழக்கம்போல் குளிர்காலத்தைப் பாலைவனத்தில் கழித்தே தீர வேண்டுமாம். அங்கே கரண்ட் ஏது? அரிசோனாவில் மிச்சமிருக்கிற இலவச இடம் அது. கள்ளிச்செடியும் வானமும்தான்.

"என்னைப் பிளக்குப் பக்கத்துல கட்டிப் போட்டுடாதே மார்வா" என்றார்.

சரி என்றேன். டாக்டர் சொன்ன நாளிலிருந்து எல்லாவற்றுக்கும் சரிதான். அழுகை வரவில்லை. பசியும் இல்லை. பல் டாக்டர் ஊசி போட்ட கன்னத்தைக் கிள்ளிப் பார்ப்பதுபோல அவ்வப்போது என்னையே கேட்டுப் பார்க்கிறேன் - வலிக்கிறதா? இல்லை.

நவம்பர் 7, வெள்ளி

தட்டைப் பொருத்தியாகிவிட்டது. பொருத்தியது நான்.

பக்கத்து டிரெய்லர் ஆர்லோ தன் ஸ்பேனரோடு வந்து நின்றான். அவனிடம் விட்டிருந்தால் காபி ஆறுவதற்குள் முடித்திருப்பான். டெல்மர் மூக்கில் குழாயோடு நாற்காலியில் உட்கார்ந்தபடியே அவனை விரட்டினார்.

"கையை எடுடா. அவ முறுக்கட்டும்."

"பெரியவரே, இது நல்லா இல்ல. அவங்க வயசு என்ன, இந்த போல்ட்டு கனம் என்ன?"

"ஸ்கூல் பஸ் ஓட்டுன கைடா அது. உன் கையவிட உரம்."

"இப்படி வேலை வாங்குனா உங்களுக்கப்புறம் வேற ஆளைப் பாத்துக்குவாங்க."

"தாராளமா. அவனுக்காவது போல்ட்டு முறுக்கத் தெரியுதான்னு பாத்துக் கட்டிக்கச் சொல்லு."

ஆர்லோ சிரித்துவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். நான் முறுக்கினேன். கல்யாணமான நாளிலிருந்து எங்கள் வீட்டு ஏற்பாடு வேறு: ஓட்டுவதும் பின்னால் எடுப்பதும் நான், மூக்கு வேலை அவர். கேஸ் வால்வை நான் தொட்டதே இல்லை. இப்போது ஏன் இந்தப் பிடிவாதம்? தன்னால் முடியவில்லை என்ற ஆத்திரத்தை என்மேல் காட்டுகிறாரா? எனக்கு எரிச்சல் வந்திருக்க வேண்டும். அதுவும் வரவில்லை.

நவம்பர் 8, சனி

நேற்று ஸ்பேனர் வழுக்கி அடித்த நகம் கருத்துவிட்டது. பார்த்துக்கொண்டே இருந்தேன்.

நவம்பர் 11, செவ்வாய்

கேஸ் வேலை. இரண்டு சிலிண்டருக்கும் நடுவே ஒரு ரெகுலேட்டர். அதிலிருந்து ஒரு ஹோஸ் உள்ளே ஹீட்டருக்கும் அடுப்புக்கும், இன்னொன்று ஜெனரேட்டருக்கு. ஜெனரேட்டரும் கேஸில்தான் ஓடும். அது ஓடினால் பேட்டரி நிறையும், பேட்டரி இருந்தால் இரவில் மெஷின் ஓடும். ஆக, கேஸ் இல்லையென்றால் டெல்மருக்கு மூச்சு இல்லை.

"ஒரு சிலிண்டரை மட்டும் திற. இன்னொண்ணு மூடியே இருக்கணும்" என்றார். "ரெண்டையும் திறந்து வச்சா இந்த ரெகுலேட்டர் தானாவே மாத்திக்கும். ஒண்ணு காலியானதே உனக்குத் தெரியாது. அப்புறம் ரெண்டும் சேந்து காலியாகும். அப்பதான் தெரியும்."

"சரி."

"சரி சரிங்காதே. திருப்பிச் சொல்லு."

திருப்பிச் சொன்னேன், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி. பிறகு மூட்டுக்கு மூட்டு சோப்பு நுரை பூசிப் பார்த்தேன். ஓரிடத்தில் குமிழ் வந்தது. இறுக்கினேன். நின்றது.

மாலையில் ஷெல்பி போன் செய்தாள். "அப்பாவால மூச்சு விட முடியல, நீ என்னடான்னா அவரைக் காட்டுக்குக் கூட்டிட்டுப் போறே. உனக்குக் கொஞ்சமாச்சும் பயம் இருக்காம்மா?"

இல்லை மகளே. அதுதான் பிரச்சினை. அவளிடம் சொல்லவில்லை.

நவம்பர் 14, வெள்ளி

எல்லாவற்றையும் ஏற்றிய பிறகு மூக்கை எடை போட்டோம். ஆர்லோவின் முறை: ஒரு பலகை, பலகையின் ஒரு முனை செங்கல் மேல், மறுமுனை குளியலறை எடை மெஷின் மேல். மூக்கின் காலை செங்கல் பக்கமாக இறக்கி, மெஷின் காட்டுவதைப் பெருக்கிக்கொள்ள வேண்டும். பெருக்கியே பார்க்க வேண்டியதில்லை, முள் அந்தக் கோடிக்குப் போய்விட்டது.

"இந்த பாரத்தோட போனா பிக்கப்புக்கு முன் சக்கரம் தரையில நிக்காது. ஸ்டியரிங் உங்க பேச்சைக் கேக்காது" என்றான் ஆர்லோ.

எனக்குள்ளே ஏதோ லேசானது. சரி, முடிந்தது, போக வேண்டியதில்லை - அப்படித்தான் நினைத்தேன். நினைத்தேன் என்பதை எழுதிவிடுகிறேன்.

டெல்மர் முன்பக்கச் சாமான் அறையைத் திறக்கச் சொன்னார். அவருடைய வார்ப்பிரும்புச் சட்டிகள், மூடியோடு மூன்று. இறைச்சி வாட்டுகிற அடுப்பு. குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்த்த காலத்து கருவிப் பெட்டி. "எல்லாம் ஆர்லோவுக்கு" என்றார்.

"பின்னாடி ஏத்திக்கலாமே" என்றேன்.

"பின்னாடி கனத்தா வால் ஆடும். உனக்குத் தெரியாததா?"

மறுபடி எடை போட்டோம். வண்டி தாங்கும் அளவுக்கு வந்துவிட்டது. ஆர்லோ சட்டிகளைத் தூக்கிக்கொண்டு போகும்போது திரும்பிப் பார்க்கவில்லை. டெல்மரும் பார்க்கவில்லை.

நவம்பர் 17, திங்கள்

பாலைவனத்துக்கு வந்து சேர்ந்தோம். ஆர்லோவும் பின்னாலேயே வந்து, கூப்பிடு தூரத்தில் நிறுத்தியிருக்கிறான். காலையில் ஜெனரேட்டர், பகலில் கூரைமேல் சோலார் தகட்டுக்கு வெயில், இரவில் மெஷின். ஓடுகிறது.

நவம்பர் 27, வியாழன்

தேங்க்ஸ்கிவிங், நன்றி சொல்லும் நாள். டெல்மரின் சட்டியிலேயே வான்கோழித் தொடையை வாட்டிக் கொண்டுவந்தான் ஆர்லோ.

"உப்பு பத்தல. சட்டியைத் திருப்பிக் குடுத்துடு" என்றார் டெல்மர். மூவரும் சாப்பிட்டோம். ருசி தெரிந்ததா என்று கேட்டால், தெரியவில்லை.

டிசம்பர் 9, செவ்வாய்

குளிர் பொல்லாததாக இருக்கிறது. இந்த வாரம் இரண்டு தடவை விடியும் முன் ஹீட்டர் நின்றுவிட்டது. இரண்டு தடவையும் இரவு உடுப்போடு வெளியே போய் சிலிண்டர் மாற்றினேன். வால்வு பனிக்கட்டிபோல் இருக்கிறது. இன்று இரண்டையும் திறந்தே விட்டுவிட்டேன். தினம் ஒரு தடவை ரெகுலேட்டரின் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டால் போயிற்று. சிவப்பு வந்தால் ஒன்று காலி என்று தெரியும்.

டிசம்பர் 16, செவ்வாய்

பார்க்கவில்லை. எத்தனை நாளாகப் பார்க்கவில்லை? தெரியவில்லை.

நேற்று முழுக்க மேகம், பேட்டரி நிறையவில்லை. மாலையில் ஜெனரேட்டர் போட மறந்தேன். விடிகாலையில் விழித்தபோது என்னவோ வித்தியாசமாக இருந்தது. மெஷின் சத்தம் இல்லை. வாரக்கணக்கில் காதுக்குள் இரைந்த சத்தம் இல்லை. அப்பாடா, என்ன அமைதி - அப்படியே கிடந்தேன். காரணம் தெரிந்தும் கிடந்தேன். கொஞ்ச நேரம்தான். ஆனால் கிடந்தேன்.

அப்புறம் என்ன நடந்தது, ஒழுங்காக எழுத வரவில்லை. ஜெனரேட்டர் ஸ்டார்ட் ஆகல. ரெண்டு சிலிண்டரும் காலி. தட்டிப் பாத்தா வெண்கலம் மாதிரி ஒலிக்குது. அவசரத்துக்கு வச்சிருந்த சின்ன ஆக்ஸிஜன் பாட்டிலை எடுத்து மாட்டினேன், மூடி கழல மாட்டேங்குது. டெல்மர் உதடு நீலம். ஆர்லோ ஆர்லோன்னு கத்தினேன். அவன் செருப்புகூட இல்லாமல் தன் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். ஹோஸைப் பிடித்தவனைத் தள்ளிவிட்டு நானே மாட்டினேன். ஜெனரேட்டர் பிடித்தது. மெஷின் ஓடியது.

பயம் வந்துவிட்டது ஷெல்பி. நன்றாகவே வந்துவிட்டது.

டிசம்பர் 17, புதன்

சொல்லிவிட்டேன். வால்வு விஷயத்தை மட்டுமல்ல, எழாமல் கிடந்ததையும்.

டெல்மர் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். "தெரியும். நானும் முழிச்சுத்தான் கிடந்தேன்" என்றார். கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, "நல்லா இருந்துச்சு இல்ல, சத்தமே இல்லாம?" என்றார்.

என் கருத்த நகத்தைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"ஷெல்பிக்கு போன் போடு. போதும். அவ வீட்டுக்கே போயிடலாம்."

டிசம்பர் 21, ஞாயிறு

கிளம்பினோம். இருட்டுவதற்குள் ஷெல்பி வீடு. பின்னால் எடுத்து வாசலில் ஒரே தடவையில் நிறுத்தினேன். மெஷின் இப்போது அவள் வீட்டு ஹால் பிளக்கில்.

ஜனவரி 6, செவ்வாய்

டெல்மர் இப்போது கட்டிலை விட்டு இறங்குவதில்லை. கட்டிலை ஜன்னல் ஓரமாகப் போட்டிருக்கிறோம். வாசலில் நிற்கும் டிரெய்லர் அங்கிருந்து தெரியும்.

இன்று ஷெல்பி கார் எடுக்கும்போது மறுபடியும் அந்தத் தட்டில் உரசிவிட்டாள். "அம்மா, இனிமே இதெல்லாம் எதுக்கு? யாருக்காவது குடுத்துடலாமே" என்றாள். நியாயம்தான். சரி என்று ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போனேன். முதல் போல்ட்டைத் தளர்த்தவும் ஜன்னல் கண்ணாடியை யாரோ தட்டுகிறார்கள். டெல்மர்தான்.

ஷெல்பி ஜன்னலைத் திறந்தாள்.

"அதுல கை வைக்கச் சொல்லாதே" என்றார்.

"அப்பா, நீங்க இனிமே அங்க போகப்போறதில்ல. உங்களுக்கே தெரியும்."

"எனக்குத் தெரியாதா? டாக்டர் சொன்ன அன்னிக்கே தெரியும்டி." இழுத்து இழுத்துத்தான் பேச்சு வந்தது. "அது எனக்கில்ல. வண்டி ஓட்டிட்டே இருந்தவ உங்கம்மா, அவளால ஒரே ஊர்ல அடைஞ்சு கிடக்க முடியாது. எனக்கப்புறம் தனியாப் போகணும்ல அவ? ஒரு வால்வு திறக்கத் தெரியாம எப்படிப் போவா?"

ஷெல்பி என்னைப் பார்த்தாள். நான் தளர்த்திய போல்ட்டைத் திரும்ப இறுக்கினேன். பிறகு அந்தத் தட்டின் மேலேயே, இரண்டு சிலிண்டருக்கும் நடுவில் உட்கார்ந்து, தெருவில் போகிறவர்கள் பார்க்கப் பார்க்க அழுதேன்.

சாயங்காலம் போய் இரண்டு சிலிண்டரையும் நிரப்பிக்கொண்டு வந்தேன்.