சிசிலி அக்கா காம்பராவும் ஒரு டிஸ்க்கும்

கொழும்பு, 12.6.1988

அன்புள்ள அம்மாவுக்கு, மகன் பத்திநாதன் எழுதுவது. நான் சுகம். உங்கள் மூட்டுவலி மட்டும் சுகமாக இருக்க வேண்டாம்.

எங்கள் அச்சகக் கம்ப்யூட்டரின் டிஸ்க்கில் பாதி இடம், தோட்டத்து லய வரிசையில் நமக்கு அடுத்த அறையில் இருந்து இந்தியா போன சிசிலி அக்காவின் காம்பரா மாதிரி சும்மா கிடந்தது. அதையும் இருக்கிற பகுதியோடு சேர்க்கச் சொன்னார் முதலாளி. டிஸ்க்கில் இரண்டுக்கும் நடுச்சுவரை எடுத்தால் உள்ளிருப்பதெல்லாம் அழியும். அதனால் முதலில் எல்லாவற்றையும் பிளாப்பித் தட்டுகளில் நகல் எடுத்துவைத்தேன். சேர்த்து முடித்ததும், "எல்லாம் போச்சுங்க மொதலாளி" என்றேன் விளையாட்டாக.

"அப்ப நீயும் போயிரு!" என்றார்.

சிரித்தபடி, எல்லாவற்றையும் திரும்ப ஏற்றப் பிளாப்பிகளைப் போட்டால், ஏழாவது நிஜமாகவே திறக்கவில்லை. அந்தோனியாருக்கு மெழுகுவர்த்தி நேர்ந்தேன். நாலாம் தடவை திறந்தது. கோயிலில் நீங்களே ஏற்றிவிடுங்கள்.

சிசிலி அக்கா காம்பராவைத் தோட்ட நிர்வாகம் நமக்கே தந்துவிட்டதாமே? நான் வரும்வரை சுவரை இடிக்காதீர்கள், சாமான் தூக்க ஆள் வேண்டாமா? என் பாயை மட்டும் பழைய மூலையிலேயே போட்டுவையுங்கள்.

முதலாளி கூப்பிடுகிறார்.

பத்தி