கூரை நிறைய வெயில் இருந்த மதியம்

கிள்ளான்,
செவ்வாய்க்கிழமை

அன்பு மகன் டேரனுக்கு அம்மா எழுதுவது.

ஆண்டவர் அருளால் நீயும் ஸ்டெஃபனியும் பேத்தி ஆட்ரியும் அடிலெய்டில் சுகமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன், எனக்கு முழங்கால் வலியைத் தவிர வேறு குறை இல்லை, மாத்திரைகளை நேரத்துக்குப் போடுகிறேன். ஆட்ரிக்கு இருமல் என்றாய், இந்தக் குளிரில் நீச்சலுக்கு அனுப்பாதே, நெஞ்சில் தைலம் தடவிக் காலுறை போட்டுப் படுக்க வை. தினமும் வாட்ஸாப்பில் பேசுகிறோமே, அம்மா எதற்குத் தாளில் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் சொன்னால் பாதியில் நீ அழுவாய், நீ அழுதால் நான் நிறுத்திவிடுவேன். இதை நிறுத்தக் கூடாது. உட்கார்ந்து படி.

விஷயம் சுங்கை பூலோ முதியோர் இல்லத்தைப் பற்றியது. நம் வீட்டில் போட்டதைப் போலவே இல்லத்துக் கூரையிலும் அப்பா நினைவாக சோலார் போட்டுத் தருகிறேன், சமையலறைக்குப் பின்னால் இருக்கும் டீசல் ஜெனரேட்டரைத் தூக்கிவிடுங்கள் என்று இல்லத்தை நடத்தும் சிஸ்டர் உர்சுலாவிடம் சொல்லியிருக்கிறாய். அடுத்த வாரம் பழைய இரும்பு வாங்குகிறவரின் லோரி வந்து அதை ஏற்றிக்கொண்டு போகப் போகிறதாம். அங்கே மூன்று பேர் மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு படுத்திருக்கிறார்கள். நான் நேரில் போய் ஜெனரேட்டர் இருக்கட்டும் சிஸ்டர் என்றேன். அவர் என் கையைத் தட்டிக்கொடுத்து, "நீங்க துக்கத்துல இருக்கீங்க டீச்சர், டேரன் எக்ஸ்பர்ட் லா, அவரே வேணாம்னுட்டாரு" என்றார். நீ சொன்னால்தான் கேட்பார். நான் வெறுமனே சொன்னால் நீயும் கேட்க மாட்டாய், அம்மாவுக்குப் பெட்ரோல் வாசனை பிடிக்கும் என்று சிரிப்பாய். அதனால் உன்னிடம் சொல்லவே கூடாது என்று வைத்திருந்ததைச் சொல்கிறேன். அப்பா தூக்கத்தில் போகவில்லை.

கிறிஸ்துமஸுக்கு வந்தபோது கூரையில் தகடுகளைப் போட்டாய், பேட்டரி அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றாய், ஆக்சிஜன் மெஷினுக்காக அப்பா வைத்திருந்த பெட்ரோல் ஜெனரேட்டரைப் புகை, நாற்றம், பூமிக்குக் கேடு என்று சொல்லி, பாசார் மாலாம் இரவுச் சந்தையில் மீ கோரெங் நூடுல்ஸ் கடை போடும் பக்கத்து வீட்டு அன்சாரிடம் கொடுத்துவிட்டாய். இனிமேல் உங்களுக்குச் சூரியன் இருக்கிறது அம்மா என்றாய். அப்பாவுக்கு ஒரே பெருமை, "நம்ம வீட்டுக் கூரைக்கே கூலிங் கிளாஸ் மாட்டி விட்டுட்டான்டி உன் மகன்" என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொன்னார். அதற்கு டேரன் கரண்ட் என்று பெயரும் வைத்தார்.

அப்பா போன அன்று நல்ல வெயில், துணி அரை மணியில் காய்ந்துவிடும் வெயில். மதியம் சாப்பிட்ட பிறகு தெரு முழுவதும் கரண்ட் போனது. மெஷின் கத்த ஆரம்பித்தது, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழிக்கென்று வைத்திருந்த சின்ன சிலிண்டரை அப்பாவுக்கு மாட்டினேன், நான் பதறவே இல்லை. அன்சார் போன் செய்து, "டீச்சர், உங்க பக்கமும் போச்சா? ஜெனரேட்டர எடுத்துட்டு வரவா?" என்று கேட்டான். வேண்டாம் அன்சார், எங்களுக்குத்தான் சூரியன் வேலை செய்கிறதே, நீ கடையைப் பார் என்றேன். "ஆமா லா, நீங்க இப்ப பெரிய ஆளுங்க" என்று சிரித்துவிட்டு வைத்தான். நான் மெஷினைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். கூரைக் கரண்ட் வரக் கொஞ்ச நேரம் எடுக்கும் போலிருக்கிறது என்று நினைத்தேன். அப்பா விரலால் மேலே காட்டி, "டேரன் கரண்ட் வந்துச்சா?" என்று கேட்டார். வருது, வருது என்றேன். அவர் நம்பினார். சிலிண்டர் தீர்ந்து உதடு நீலமான பிறகுதான் ஆம்புலன்ஸுக்கும் அன்சாருக்கும் போன் செய்தேன். அன்சார் ஜெனரேட்டரைத் தள்ளிக்கொண்டு செருப்பில்லாமல் ஓடி வந்தான், கயிற்றை இழுத்தான், மெஷின் உடனே ஓடியது, குழாயில் நல்ல காற்று வந்தது. அப்பா அதை வாங்கிக்கொள்ளவில்லை. அது தெரியாமல் அன்சார் வெகுநேரம் அவர் மூக்கில் குழாயைப் பிடித்துக்கொண்டு, "இழுங்க அங்கிள், இழுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

பிறகு மின்சார வேலை பார்க்கும் நாகையாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். தகடு, அதன் கரண்டை வீட்டுக்கு மாற்றிவிடும் இன்வர்ட்டர் பெட்டி எதிலும் பழுதில்லை. "சட்டமே அப்படித்தான் டீச்சர், தெரு லைன் செத்தா பெட்டியும் தானா நின்னுடணும், இல்லாட்டி நம்ம கூரை கரண்ட் வெளிய போயி போஸ்ட்ல ஏறி வேலை செய்யறவன அடிச்சிடும். வீட்டுக்கு மட்டும் ஓடணும்னா பேட்டரி வேணும், தனி சுவிட்ச் வேணும், மகன் சொல்லலியா?" என்று கேட்டார். மறந்திருப்பான் என்றேன். உனக்கு அது தெரியுமா தெரியாதா என்று நான் கேட்கப் போவதில்லை. தெரியாது என்றால் நீ பார்க்கும் சோலார் வேலைக்கு வெட்கம். தெரியும் என்றால் அதை நான் தெரிந்துகொள்ளாமலே சாக விரும்புகிறேன்.

உடனே நிலக்கரி எத்தனை பேரைக் கொல்கிறது என்று எனக்குப் பதில் எழுதாதே. ஆறாம் ஆண்டு அறிவியலில் புதுப்பிக்கக்கூடிய சக்தி, புதுப்பிக்க இயலாத சக்தி என்று கரும்பலகையில் கோடு கிழித்து எழுதிப்போட்டவள் நான், நீயும் அதைப் பார்த்து எழுதியவன்தான். நிலக்கரியும் எரிவாயுவும் ஒருநாள் தீரும், அதன் புகை ஆட்ரியின் நெஞ்சுக்கும் போகும், வெயிலும் காற்றும் ஆறும் தீராது, இன்றைக்குக் கேட்டாலும் அப்படித்தான் எழுதுவேன். ஆனால் காப்பார் ஊரிலிருந்து மோட்டார் சைக்கிளில் வரும் மீன்காரரை நினைத்துப் பார். அவர் கொண்டு வருவது புதிய மீன், நல்ல மீன், ஆனால் அவர் வரும் நேரத்துக்குத்தான் வரும், வீட்டில் ஐஸ் பெட்டி இல்லாதவளுக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு அது உதவாது. டின் மீன் அவ்வளவு நல்லதில்லை, ஆனால் அலமாரியில் இருக்கும், பசித்த நேரத்தில் திறக்கலாம். புத்தியுள்ளவள் ஐஸ் பெட்டி வாங்கும்வரை அலமாரியைக் காலி செய்ய மாட்டாள். நம் கூரைத் தகடோ அதிலும் மோசம், தெருக் கம்பியின் கையைப் பிடித்துக்கொண்டால்தான் நடக்கும், கம்பி விழுந்தால் கூடவே விழும். நீ அலமாரியைக் காலி செய்துவிட்டு விமானம் ஏறினாய்.

அடக்கப் பூசையில் நீ மேடையேறி, டேடியின் கடைசி மூச்சு சுத்தமான சூரிய சக்தி தந்த மூச்சு என்று பேசினாய். கோயிலே அழுதது. பின்னால் நின்றிருந்த அன்சார் வெளியே போய்விட்டான். யாரிடமும் சொல்லாதே என்று நான்தான் அவனிடம் சத்தியம் வாங்கியிருந்தேன். நீ என் ஒரே பிள்ளை, நீயாவது நிம்மதியாக இருக்கட்டும் என்று நினைத்தேன். அந்த மூன்று பேரைப் பார்த்த பிறகு அப்படி நினைக்க முடியவில்லை.

வரும் ஞாயிறு பூசை முடிந்ததும் இல்லத்து மண்டபத்தில் எல்லோரையும் உட்காரவைத்து, பெரிய திரையில் உன்னைக் கூப்பிட்டு நன்றி சொல்லப் போகிறார்கள். அப்போது நீ சொல். ஜெனரேட்டர் போகக் கூடாது, பேட்டரியும் தனி சுவிட்சும் இல்லாமல் தகடு ஏறக் கூடாது என்று சொல். ஏன் என்றும் சொல். டெக்னிக்கல் காரணம், மாடல் மாறிவிட்டது என்று மழுப்பாதே, அப்பா எப்படிப் போனார் என்று சொல். கிரிகரி நினைவாக என்று அப்பா பெயர் போட்டு சிஸ்டர் பலகை செய்யக் கொடுத்திருக்கிறார், அதை வாசலில் வேண்டாம், ஜெனரேட்டர் கொட்டகையில் பதிக்கச் சொல். நான் முதல் வரிசையில் இருப்பேன். நீ சொல்லாவிட்டால் நான் எழுந்து சொல்வேன், உன் பெயரோடு சொல்வேன். நான் சொல்வதைவிட நீ சொல்வது உனக்கு நல்லது, அம்மா உனக்கு நல்லதைத்தான் சொல்வேன்.

உங்கள் ஊர்க் கடிகாரம் எங்களுக்கு முன்னால் ஓடுகிறது, நேரத்தைச் சரியாகப் பார்த்துக்கொள். வெறும் வயிற்றில் பேசாதே. உனக்கும் ஸ்டெஃபனிக்கும் ஆட்ரிக்கும் நெற்றியில் சிலுவை போட்டு ஆசீர்வதிக்கிறேன், மாதா உங்களைத் தன் போர்வைக்குள் வைத்துக் காக்கட்டும். சொல்லி முடித்த பிறகு என்னைக் கூப்பிடு, எந்த நேரமானாலும் எடுப்பேன், எவ்வளவு நேரம் அழுதாலும் கேட்பேன். அதற்கு முன் கூப்பிடாதே, எடுக்க மாட்டேன்.

உன்னைப் பெற்ற
அம்மா