காவல்காரன் கேட்ட மாத்திரை

அன்பு மகளே,

இது நானே எழுதும் கடிதம். மாலை வகுப்பில் சேர்ந்து எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டேன். ஒரு வரி எழுதியதும் இருப்புக் கொள்ளாமல் எழுந்து நடக்கிறேன். மறுபடி வந்து உட்காருகிறேன்.

நாம் ஆடும் கேம் கம்பெனி இந்த வாரம், டிவியில் மாட்டி ஆடும் புது கன்சோலை அறிவிக்கப் போகிறதாம். பழைய ஆட்டங்களும் அதில் ஓடும், நம் கோட்டை ஆட்டத்தின் அடுத்த பாகமும் வரும் என்று ரசிகர்கள் எழுதுவதையெல்லாம் போனில் எழுத்துக் கூட்டி வாசிக்கிறேன். "இரண்டு பேர் பக்கத்தில் உட்கார்ந்து ஆடும்படி வேண்டும்" என்று நானும் எழுதிப் போட்டேன். கடையில் போய் முன்பதிவு கேட்டேன்.

"ஐயா, கம்பெனிக்காரனே இன்னும் வாய் திறக்கல. நீங்க பையோட வந்து நிக்கிறீங்களே!" என்று கடைக்காரர் சிரித்தார்.

உன் கல்யாணத்துக்குப் பிறகு அம்மா உன்னைப் பற்றிப் பேசுவதில்லை. ஆனால் நீ கையில் பிடித்து ஆடும் கன்ட்ரோலரைத் தினமும் துடைக்கிறாள். கேட்டால், "தூசி இருந்தா துடைக்கக் கூடாதா? போய் வேலையப் பாருங்க" என்கிறாள்.

நேற்று பழைய ஆட்டத்தைப் போட்டேன். கோட்டைக் காவல்காரன் பேசுவதாகத் திரையில் வரும் எழுத்தை முதல்முறையாக நானே வாசித்தேன். "யார் அங்கே?" என்று மட்டும்தான் கேட்கிறான். முன்பு எனக்காக நீ வாசித்தபோது, "மாத்திரை போட்டாத்தான் கதவைத் திறப்பேன்" என்றானே! நானும் பயந்து எழுந்து போய்ப் போட்டுக்கொண்டு வருவேனே! திருட்டுக் கழுதை. விழுந்து விழுந்து சிரித்தேன். அப்புறம் தனியாக ஆட முடியவில்லை.

அடுத்த பாகத்தில் பேச்சு நிறைய இருக்குமாம். மாப்பிள்ளையோடு வா. எனக்கு வாசிக்கத் தெரியும் என்பதை மறந்துவிட்டு, நீயே வாசி.

உன் பக்கத்தில் உட்கார்ந்து ஆடும்,
அப்பா